கயிற்றுக்கு வெளியே நடக்கும் சண்டை

குத்துச்சண்டைக் கோதாவின் நாற்புறமும் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு உள்ளே நிகழும் சண்டைக்கு ஒரு வரையறை உண்டு. மூன்று நிமிடம் ஆனதும் மணி ஒலிக்கும்; கட்டிப் பிடித்துக்கொண்டால் மத்தியஸ்தர் இடையே புகுந்து விலக்குவார்; வீழ்ந்தவன் பத்து எண்ணுமுன் எழாவிடின் கதை முடிந்தது. ஆனால், கயிற்றுக்கு வெளியே ரசிகர்களுக்கிடையே நிகழும் சண்டை இருக்கிறதே, அதற்கு மணியுமில்லை, மத்தியஸ்தருமில்லை, முடிவென்பது இல்லவே இல்லை!

குத்துச்சண்டை அபிமானிகள் இருவர் ஓரிடத்திற் கூடினால், அவர்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று வினாக்களில் வந்து நிற்கும். அடுத்த போட்டியில் வெல்பவர் யார்? இன்னார் இன்னாரைச் சந்திக்க ஏன் பின்வாங்குகிறார்? அந்தக் காலத்து வீரர்களோடு ஒப்பிடுகையில் இந்தக் காலத்தவர் எம்மாத்திரம்? ‘ஹெவி வெயிட்’ எனப்படும் அதிபாரப் பிரிவைப் பற்றிய பேச்சானால் வாதத்தில் சூடு இன்னும் அதிகம். உலகத்திலேயே பலசாலி யார் என்ற குழந்தைக் கேள்விக்கு விடை கூறும் பிரிவு அதுவன்றோ!

இந்த வாய்ச்சண்டையை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடலாமா? தள்ள முடியாது என்பதே நமது கருத்து. வெளியே பேசப்படும் பேச்சு, ஒருநாள் உள்ளே நிற்பவனின் உடம்பிலே போய் விழுகிறது. அது எவ்வாறென்று சிறிது பார்ப்போம்.

முதலில் அந்த மூன்றாவது வினாவை எடுத்துக்கொள்வோம். “அதிபாரப் பிரிவு செத்துவிட்டது” என்ற ஒப்பாரி நேற்றுப் பிறந்ததன்று. 1892ஆம் ஆண்டில், நியூ ஓர்லியன்ஸ் நகரத்திலே, ஜோன் எல். சலிவன் என்ற முரட்டு வீரரை ஜேம்ஸ் கோபெற் என்னும் நுட்பமான ஆட்டக்காரர் 21ஆம் சுற்றிலே வீழ்த்தினார். இருவரும் கையுறை அணிந்து பொருதிய சண்டை அது. வெறுங்கையால் மோதிய பழைய வீரத்தோடு ஒப்பிட்டு இதனை இகழ்ந்தோரும் இருந்தனர். பின்னர் ஜோ லூயிஸ் வந்தார். 1937 முதல் 1949 வரை பட்டத்தை விடாது வைத்திருந்து, 25 முறை அதனைக் காத்தார். ரொக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றிலேனும் தோலாமல் 1956இல் விலகினார். “இனி யார் உளர்?” என்று பெருமூச்சு விட்டவர்களின் கண்ணெதிரிலேதான், எட்டு ஆண்டுகளுக்குள் முகம்மது அலி தோன்றினார். ஆகவே, ஒப்பாரியை நாம் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை.

அக்காலமா, இக்காலமா என்ற வழக்கைத் தீர்ப்பதற்கு ஒரு வேடிக்கையான முயற்சியும் நடந்ததுண்டு. 1969இல், ஓய்வுபெற்றிருந்த மார்சியானோவையும், இராணுவத்திற் சேர மறுத்தமையால் பட்டம் பறிக்கப்பட்டுப் போட்டிகளில் இறங்க வழியின்றி இருந்த அலியையும் ஒன்றாக நிறுத்தித் திரைப்படம் எடுத்தார்கள். வெற்றி யாருக்கென்பதைக் கணினி தீர்மானிக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். படம் வெளிவருமுன்னரே மார்சியானோ விமான விபத்தில் மாண்டார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அப்படம் ஓடியபோது 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவிற் காட்டிய படத்திலோ அலி வென்றார்! யந்திரமே இரண்டு தீர்ப்புச் சொல்லுமாயின், திண்ணையிலே இருந்து வாதாடுபவர்கள் எத்தனை தீர்ப்புத்தான் சொல்லமாட்டார்கள்?

நிற்க. இரண்டாவது வினா இவ்வளவு இலேசானதன்று. “இவர் அவரைச் சந்திக்காதது ஏன்?” என்று ரசிகன் கேட்பதில் நியாயம் உண்டு. சிறந்தவனும் சிறந்தவனும் உரிய வேளையில் மோதினாலன்றிச் சாம்பியன் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. அந்த மோதலைத் தடுக்கும் சுவர் காலத்துக்குக் காலம் வேறுபட்டு வந்திருக்கிறது.

முதற் சுவர் நிறவெறி. சலிவன் தாம் சாம்பியனாக இருந்த காலத்தில், பீற்றர் ஜக்சன் என்ற கறுப்பின வீரரோடு மோத மறுத்தார். பின்வந்த ஜெப்றீஸும் அவ்வழியே சென்று, ஜக் ஜோன்சனுக்குப் பட்டத்துக்கான வாய்ப்பு அளிக்காமலே 1905இல் ஓய்வு பெற்றார். ஜோன்சன் அயராது துரத்தி, 1908ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்திலே தொமி பேர்ன்ஸை வென்று, அதிபாரப் பிரிவின் முதலாவது கறுப்பினச் சாம்பியன் ஆனார்.

இரண்டாவது சுவர் பட்டங்களின் பெருக்கம். ஒரு நாட்டுக்கு ஓர் அரசன் என்பதுபோல ஒரு பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்பதே முறை. ஆனால், உலகக் குத்துச்சண்டைச் சங்கம் 1962இல் இப்பெயரைப் பூண்டது. உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 1963இலும், சர்வதேசக் குத்துச்சண்டைச் சம்மேளனம் 1983இலும், உலகக் குத்துச்சண்டை அமைப்பு 1988இலும் தோன்றின. நான்கு சபைகள், நான்கு பட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஒரு கட்டணம், “இவரோடுதான் அடுத்து மோத வேண்டும்” என்றொரு கட்டளை. 1992இல் றிடிக் போ என்பவர், கவுன்சில் கட்டளையிட்டபடி லெனொக்ஸ் லூயிஸோடு பொருதுவதற்குப் பதிலாக, அச்சபையின் பட்டத்தைக் குப்பைத் தொட்டியிலே போட்டார். லூயிஸும் போவும் தொழில்முறை அரங்கிலே கடைசிவரை மோதவில்லை. போட்டிருந்தால் யார் வென்றிருப்பர் என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நடவாத சண்டைக்குத்தான் ஆயுள் அதிகம் போலும்.

மூன்றாவது சுவர் ஒப்பந்தம். பிரித்தானியாவின் இரு பெரும் வீரர்களாகிய டைசன் பியூரியும் அன்ரனி ஜோசுவாவும் சந்திக்க வேண்டுமென ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தனர். 2021 மே மாதத்தில், வரும் ஓகஸ்ட் 14ஆம் திகதி சவூதி அரேபியாவிற் போட்டி என்று பியூரியே அறிவித்தார். மறுநாள், அமெரிக்க வீரர் டியொன்ரே வைல்டருடன் மூன்றாம் முறை மோதும் கடமை பியூரிக்கு உண்டென்று அமெரிக்காவில் நடுத்தீர்ப்பாளர் ஒருவர் முடிவு கூறினார், போட்டி கலைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஜோசுவா தமது பட்டங்களை உக்ரேனிய வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் இழந்தார். பழம் கனிந்த நாளிற் பறிக்காதவன், பின்னர் மரத்தடியில் நின்று என்ன பயன்?

அவ்வாறாயின் பழம் பறிக்கப்பட்ட நாட்களே இல்லையா? உண்டு. 1971 மார்ச் 8ஆம் திகதி நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனில், அதுவரை தோல்வி காணாத அலியும், அதுவரை தோல்வி காணாத ஜோ பிரேசியரும் மோதினார்கள். ஆளுக்கு 25 இலட்சம் டொலர் ஊதியம். 15 சுற்றுகளின் முடிவில் பிரேசியர் வென்றார். யார் சாம்பியன் என்று எவரும் அன்றிரவு ஐயுறவில்லை.

2024 மே 18ஆம் திகதி றியாத் நகரில் உசிக்கும் பியூரியும் சந்தித்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. பியூரி உசிக்கைவிட ஆறு அங்குலம் உயர்ந்தவர். ஏறக்குறைய 40 இறாத்தல் கூடியவர். இருவரும் திறமைசாலிகளானால் பெரியவனே வெல்வான் என்பது ரசிகர்களின் பழைய சூத்திரம். உசிக்கோ கீழ்ப் பிரிவொன்றிலிருந்து மேலே வந்தவர். ஒன்பதாம் சுற்றில் அவரது அடிகளால் பியூரி நிலைகுலைந்து கயிற்றிலே தள்ளாட, மத்தியஸ்தர் எண்ணத் தொடங்கினார். முடிவிலே நடுவர் மூவரில் இருவர் உசிக்கின் பக்கம் நின்றனர். 1999இல் லூயிஸ் ஹோலிபீல்டை வென்று பட்டங்களை ஒன்றாக்கிய பின்னர், ஏறக்குறைய 25 ஆண்டு கழித்து அதிபாரப் பிரிவுக்கு ஒரே சாம்பியன் கிடைத்தார். நான்கு பட்டங்களையும் ஒருங்கே கொண்ட முதல் அதிபார வீரரும் அவரே. ஆயினும் அடுத்த மாதமே சபையொன்றின் பட்டம் அவர் கையைவிட்டுப் போயிற்று. 2025 ஜூலையில் டானியல் டுபோவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தி அதனை மீட்டார். அவ்வாண்டு முடியுமுன் மற்றொரு பட்டத்தைத் துறந்தார். மாலை கட்டுவதற்குள் நார் அறுந்துவிடுகிறது!

இதுவரை நாம் ரசிகனுக்காகப் பேசினோம். இனி அவனை நோக்கிப் பேச வேண்டியதும் ஒன்றுண்டு. ரசிகனின் நெஞ்சிலே இரு பசிகள் இருக்கின்றன. சிறந்தவர்கள் உரிய காலத்தில் மோத வேண்டுமென்பது ஒன்று. அது விளையாட்டை வளர்க்கும் பசி. ஓய்ந்துபோன பெருவீரனை மீண்டும் ஒருமுறை காண வேண்டுமென்பது மற்றொன்று. அது மனிதரைத் தின்னும் பசி.

ஜோன்சன் பட்டம் வென்றதும், வெள்ளையர் பலர் பொறுக்கமாட்டாது, பண்ணையில் இருந்த ஜெப்றீஸை வாவென்று அழைத்தனர். சிட்னிப் போட்டியை நேரிற் கண்ட எழுத்தாளர் ஜக் லண்டனும் பத்திரிகையில் அவ்வழைப்பை விடுத்தார். ஐந்தாண்டு ஓய்ந்திருந்த அம்மனிதர் 1910 ஜூலை 4ஆம் திகதி றெனோ நகரில் இறங்கி, 15ஆம் சுற்றில் வீழ்ந்தார். அச்செய்தி பரவியதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டு உயிர்கள் மாண்டன.

ஜோ லூயிஸ் வரிக்கடன் நெருக்கியதனால் மீண்டும் கோதாவுக்கு வந்தார். 1951 ஒக்ரோபரில், 37 வயதில், இளைஞர் மார்சியானோவின் அடியால் எட்டாம் சுற்றிலே கயிற்றுக்கு வெளியே விழுந்தார். தாம் போற்றிய வீரரைத் தாமே வீழ்த்த நேர்ந்ததற்காக மார்சியானோ கண்ணீர் விட்டார் என்பர்.

அலியின் கதை இவற்றினும் கொடிது. 1979இல் ஓய்வை அறிவித்தவர், 1980 ஒக்ரோபர் 2ஆம் திகதி லாஸ் வேகாஸில், முன்னொருகால் தம்மோடு பயிற்சிச் சண்டை இட்ட லறி ஹோம்ஸை எதிர்த்து நின்றார். அப்போது அவருக்கு 38 வயது. பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பின்னரே அவரது மூலையிலிருந்து சண்டை நிறுத்தப்பட்டது. 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்கூறு இருப்பதாக மருத்துவர்கள் கூறினர். உலகையே பேச்சால் கட்டியிழுத்த நாவு படிப்படியாகத் தளர்ந்தது. 2016இல் அவர் மறைந்தார்.

இவ்வளவும் அறிந்த பின்னும் நாம் திருந்தினோமா? 2024 நவம்பரில் டெக்சஸில், 58 வயதான மைக் டைசனை 27 வயதான ஜேக் போல் என்பவரோடு நிறுத்தினார்கள். அதனை 6 கோடி வீடுகள் பார்த்ததாக ஒளிபரப்பிய நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. அந்த வீடுகளிலே நம்மவர் வீடுகளும் இருந்திருக்கும்.

“15 சுற்றுகள் அல்லவா ஆண்மை! 12 சுற்றுகள் ஒரு சண்டையா?” என்று கேட்பவர்களும் உளர். ஏன் குறைத்தார்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். 1982 நவம்பரில், இலேசு பாரப் பிரிவில், கிம் டுக் கூ என்ற கொரிய இளைஞர் லாஸ் வேகாஸில் 14ஆம் சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். அதன் பின்னரே சபைகள் ஒவ்வொன்றாகச் சுற்றுகளைக் குறைத்தன. குறைந்த அந்த மூன்று சுற்றுகளின் விலை ஓர் உயிர்.

மாணவ நண்பர்களே, வாதாட வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வாதாடுங்கள், “இவர் ஏன் அவரைச் சந்திக்கவில்லை?” என்று உரத்துக் கேளுங்கள். கேட்போர் இல்லையெனில் சுவர்கள் இடியமாட்டா. ஆனால், வாதத்தின் நடுவே ஒரு காட்சியை மட்டும் மறவாதிருங்கள்.

1975 ஒக்ரோபர் முதலாம் திகதி மணிலா நகரம். அலிக்கும் பிரேசியருக்கும் மூன்றாவது சண்டை. 14 சுற்றுகள் முடிந்தன. பிரேசியருக்குக் கண்கள் வீங்கிப் பார்வை மறைந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு சுற்று. அவர் எழத் துடிக்கிறார். பயிற்சியாளர் எடி பூச், அவரை எழவிடாது அமர்த்திச் சண்டையை நிறுத்திவிட்டார். பிரேசியருக்கு அது தோல்வியாக எழுதப்பட்டது. ஆனால், பூச்சைக் கோழை என்று கூறுவார் இல்லை.

அன்று அந்த மண்டபத்திலே அவரினும் மேலாகப் பிரேசியரின் வெற்றியை விரும்பியவர் யாராக இருக்க முடியும்? போதும் என்று சொன்னவர் அவர்தாம். அன்புடைய ரசிகனும் அச்சொல்லைக் கற்றிருத்தல் வேண்டும்.