கல்லிலே கவிஞர், ஊரிலே மணப்பெண்!

ஆனித் திங்கள் பிறந்தால் காரைக்கால் களிகொள்ளும். மாப்பிள்ளை அழைப்பு நடக்கும், மணவிழா நடக்கும், பின்னர் மாடிகளிலிருந்து மாங்கனி மழை பொழியும். மணமகள் யார்? புனிதவதி என்னும் காரைக்கால் அம்மையார். மணமகன்? பரமதத்தன். எந்தப் பரமதத்தன்? மனைவியைக் கண்டு அஞ்சிக் கலமேறிச் சென்று, பாண்டி நாட்டிலே வேறொருத்தியை மணந்துகொண்டானென்று புராணமே புகல்கிறதே, அந்தப் பரமதத்தன்! அவனுக்குத்தான் ஆண்டுதோறும் அம்மையாரைக் கட்டிவைக்கிறார்கள். கைவிட்டுப் போனவனுக்கு மேளதாளத்தோடு வரவேற்பு!

இந்த வேடிக்கைக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் நாத்திகர் அல்லர். சோழ நாட்டுச் சிற்பி.

முதலாம் இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவிலுக்குச் செல்லுங்கள். தெற்குச் சுவரின் மாடமொன்றில் ஆடவல்லான் ஆடுகிறான். அவன் காலடியில் பாருங்கள்: வற்றிய உடல், வரிவரியாய் விலா எலும்பு, கையிலே தாளம். அவர்தாம் அம்மையார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுச் செப்புப் படிமத்திலும் தாளமேந்தியே அமர்ந்திருக்கிறார். கம்போடியாவிலே 967இல் எழுந்த பாந்தியாய் சிரேய் கோவிலிலும் ஆடும் சிவனருகே எலும்புருவான பெண்ணொருத்தியைக் காணலாம். அம்மையாரே அவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எங்கே மாங்கனி? எங்கே மணவாளன்?

அம்மையாரின் கதையை விரிவாகப் பாடியவர் சேக்கிழார். காலம் 12ஆம் நூற்றாண்டு. அம்மையாரோ அவருக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவர். அவர் பெயரால் நமக்குக் கிடைத்துள்ள பாடல்கள் 143. அவற்றில் மாங்கனி இல்லை. ஓடிப்போன கணவன் இல்லை. தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே அவர் சொல்லிக்கொள்கிறார். பேய் உண்டென்று நாம் ஏற்கவில்லை. ஆனால் வீட்டுக்கும் வேலிக்கும் வெளியே நின்று பாடிய பெண்ணுக்கு அன்றைய தமிழகத்தில் வேறென்ன பெயர் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். சேக்கிழாருக்கு முற்பட்ட சிற்பி, பாடியவரைப் பாடியவராகவே செதுக்கினான். பின்வந்த ஊரார் அவரை மீண்டும் அடுப்படிக்கு அனுப்பினர்!

"கோவிற் கல் நமக்கெதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உளர். கும்பிடச் சொல்லவில்லை, தோழர்களே, பார்க்கச் சொல்கிறோம். கல் சுமந்தவனும் உளி பிடித்தவனும் உழைப்பாளிகள். தஞ்சைப் பெரிய கோவிலிலே குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயராவது கல்வெட்டில் நிற்கிறது. பெயர் தெரியாத சிற்பிகளின் உழைப்பையெல்லாம் பக்தியின் கணக்கிலே எழுதிவிட்டுப் போக நாம் ஏன் இடங்கொடுக்க வேண்டும்?

அதற்காகச் சிற்பியையும் நாம் முழுமையாக விடுவிப்பதற்கில்லை. பரவை, சங்கிலி என இருவரை மணந்த சுந்தரர், படிமத்திலே எழில் குன்றாத மணக்கோல இளைஞர்! ஒருவனாலும் வேண்டப்படாத புனிதவதிக்கோ எலும்பும் தோலும்! ஆண் அடியவராக அழகு தடையில்லை. பெண் அடியவராக வேண்டுமானால் தசையை உதற வேண்டும். இந்த நீதி சைவத்துக்கு மட்டும் உரியதன்று. பிளாரன்சு நகரத்திலே தொனத்தெல்லோ 15ஆம் நூற்றாண்டில் மரத்திற் செதுக்கிய மகதலேனா மரியாளைப் பாருங்கள்: அங்கும் ஒட்டிய கன்னம், உலர்ந்த உடல். கடல் வேறு, கடவுள் வேறு. பெண்ணிடம் கேட்கும் விலை மட்டும் ஒன்று!

ஆயினும் அந்தத் தாளத்தைச் சிற்பி பறிக்கவில்லை. பறித்தவர்கள் நம்மவர்கள். வகுப்பறையிலே கேட்கிறோம்: "காரைக்கால் அம்மையார் யார்?" சட்டென்று வருகிறது விடை: "கணவனுக்கு மாங்கனி படைத்தவர்." அந்தாதி என்னும் இலக்கிய வகைக்கு முன்னோடியென அறிஞர் போற்றும் ஒருவரை, அவர் பிறந்த ஊரின் பிள்ளைகள் சமையற்கட்டிலே தேடுகிறார்கள்! பெண்கள் படிக்கும் பள்ளியிலே இந்த விடைதான் வருகிறதென்றால், அந்த மாணவியர் நாளை தங்களை எங்கே தேடுவார்கள்?

ஆசிரியத் தோழர்களே, அடுத்த ஆனிக்கு முன்பு ஒரு பேருந்து அமர்த்துங்கள். கதை எதுவும் சொல்லாமல் மாணவியரைக் கங்கைகொண்ட சோழபுரத்துத் தெற்குச் சுவரருகே நிறுத்துங்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த அம்மையின் கையிலே என்ன இருக்கிறது?"