எதிர்க்கட்சிக் கோட்டையில் ஒரு விவசாயி

2018 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வாக்களித்தவர்கள் கையில் ஒரே சீட்டுதான் இருந்தது. அதில் செனட்டுக்கு ஒரு போட்டி, பிரதிநிதிகள் சபைக்கு ஒரு போட்டி. மக்கள்தொகை குறைவு என்பதால் அப்போது மாநிலம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பிரதிநிதிதான். எனவே இரண்டு போட்டிக்கும் தொகுதி ஒன்று, வாக்காளர்களும் அவர்களே. பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சியின் கிரெக் ஜியன்ஃபோர்ட்டேவை 50.9 சதவீத வாக்குகளோடு அனுப்பினார்கள். அதே சீட்டில் செனட்டுக்கு ஜனநாயகக் கட்சியின் ஜான் டெஸ்டருக்கு 50.3 சதவீதம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் டொனால்ட் டிரம்ப்பை 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்த மாநிலம் அது.

எளிதாகக் கிடைத்த வெற்றியும் அல்ல. டெஸ்டரைத் தோற்கடிக்கவேண்டும் என்று அந்த ஆண்டில் டிரம்ப் நான்கு முறை மொன்டானாவுக்கு வந்தார். கிரேட் ஃபால்ஸ், பில்லிங்ஸ், மிசூலா, கடைசியாக வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு போஸ்மன் பக்கம். சுமார் பத்து லட்சம் பேர் வாழும் மாநிலத்துக்கு அதிபர் இத்தனை முறை வந்ததற்குப் பின்னால் தனிப்பட்ட கோபம் இருந்தது. முன்னாள் படைவீரர் நலத்துறையின் தலைமைக்கு டிரம்ப் முன்மொழிந்தவர் வெள்ளை மாளிகை மருத்துவர் ரானி ஜாக்சன். அவரைப் பற்றி உடன் பணியாற்றியவர்கள் சொன்ன புகார்களை டெஸ்டர் வெளியே கொண்டுவந்தார், ஜாக்சன் விலகினார். 2021இல் வெளிவந்த பாதுகாப்புத் துறை தலைமை ஆய்வாளரின் அறிக்கை, பணிப் பயணத்தில் குடித்தது உட்படப் பல புகார்களுக்கு ஆதாரம் இருப்பதாகச் சொன்னது.

டிரம்ப் கிரேட் ஃபால்ஸ் கூட்டத்துக்கு வந்தபோது மொன்டானாவின் பத்துக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் டெஸ்டரின் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதிபருக்கு அதில் வரவேற்பு சொல்லியிருந்தார். தாம் முன்னின்ற 16 மசோதாக்களில் கையெழுத்திட்டுச் சட்டமாக்கியதற்கு நன்றியும் சொல்லியிருந்தார். சண்டைக்கு வந்தவரின் கையெழுத்தையே தம் உழைப்புக்குச் சான்றாகக் காட்டிய அந்தப் பக்கம், மூன்று தேர்தல்களில் அவர் எப்படி ஜெயித்தார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

பிக் சாண்டி என்ற சிற்றூரின் அருகே 1,800 ஏக்கர் நிலம் அவருடையது. 1910களில் தாத்தா பாட்டி குடியேறி உழுத மண். ஒன்பது வயதில், வீட்டில் நடந்த இறைச்சிக் கூடத்தில் கறி அரைக்கும் இயந்திரம் அவரது இடது கையின் நடு மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. மேடையில் அந்தக் கையை உயர்த்தினால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் தெரியும். உள்ளூர்ப் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தார், கறி வெட்டினார், டிரம்பெட் வாசித்தார். செனட்டரான பிறகும் வார இறுதியில் ஊருக்குப் பறந்து வந்து டிராக்டரில் ஏறினார். வாஷிங்டனுக்குத் திரும்பும்போது சொந்தப் பண்ணையின் இறைச்சியைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போனார்.

இதெல்லாம் வெறும் தோற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. தோற்றத்தை மட்டும் வைத்து எதிர்க்கட்சிக் கோட்டையில் 18 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடியாது. 2006இல் அவர் முதல்முறை ஜெயித்தது சுமார் 3,500 வாக்குகளில். ஊழல் தரகர் ஜாக் ஏப்ரமாஃபோடு பெயர் சேர்ந்து அடிபட்டதால் பதவியில் இருந்த கான்ராட் பர்ன்ஸ் அப்போது ஆட்டம் கண்டிருந்தார். அந்த அதிர்ஷ்டமும் டெஸ்டருக்குக் கைகொடுத்தது. ஆனால் மறுதேர்தலை அதிர்ஷ்டத்தால் ஜெயிக்க முடியாது. ஆறு ஆண்டுகளாகச் செய்த வேலையை வாக்காளர் எடைபோடும் இடம் அது.

அந்த வேலை இரு தரப்பையும் மாறி மாறி நோகடித்தது. 2008இல் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் கொடுக்கும் மசோதாவை எதிர்த்தார். 2009இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஆதரித்தார். 2010இல், சிறுவயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டவர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரும் மசோதாவை எதிர்த்துச் சொந்தக் கட்சிக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். 2011இல் ஐடஹோவின் குடியரசுக் கட்சிக்காரர் மைக் சிம்ப்சனோடு சேர்ந்து, வடக்கு ராக்கி மலைப்பகுதியின் சாம்பல் ஓநாயை அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கவைத்தார். ஓர் உயிரினத்தை அப்படி நாடாளுமன்றமே நீக்கியது அதுவே முதல்முறை. கால்நடை வளர்ப்போர் மகிழ்ந்தார்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் கொதித்தன. பிறகு 2018 அக்டோபரில், தம் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தபோது, உச்ச நீதிமன்றத்துக்கு டிரம்ப் நியமித்த பிரெட் கவனாவை எதிர்த்து வாக்களித்தார். டிரம்ப்புக்கு 20 புள்ளி கொடுத்த மாநிலத்தில் அது பெரிய துணிச்சல்.

குறையும் உண்டு, சொல்லியாக வேண்டும். தரகர்களின் பிடியிலிருந்து அரசியலை மீட்பேன் என்று 2006இல் வந்தவர், பின்னாளில் லாபியிஸ்டுகளிடம் அதிக நன்கொடை பெற்ற செனட் வேட்பாளர்களில் ஒருவரானார். எதிரிகள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்ல அவர்களுக்கு உரிமையும் இருந்தது.

ஆயினும் அவரது கணக்கில் அழிக்க முடியாத வரிகள் உண்டு. லிட்டில் ஷெல் என்ற சிப்பேவா பழங்குடிக்கு ஒன்றிய அரசின் அங்கீகாரம் இருக்கவில்லை. தலைமுறைகளாகக் கேட்டும் கிடைக்கவில்லை. 2007இல் டெஸ்டர் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. அடுத்த நாடாளுமன்றத்தில் மறுபடி, அதற்கடுத்ததில் மறுபடி. 2019 டிசம்பரில் ராணுவச் செலவு மசோதாவோடு சேர்ந்து அது நிறைவேறியது, கையெழுத்திட்டவர் டிரம்ப். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ராணுவம் குப்பை எரித்த குழிகளின் நச்சுப்புகையால் நோயுற்ற படைவீரர்களுக்கு மருத்துவம் தரும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்று. முன்னாள் படைவீரர் குழுவின் தலைவராக அதைக் கான்சஸின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜெர்ரி மோரனோடு சேர்ந்து கொண்டுவந்தார். ஜூலையில் தடைபட்ட மசோதா, ஆகஸ்ட்டில் 86க்கு 11 என்று நிறைவேறியது. மொன்டானாவில் வீட்டுக்கு வீடு முன்னாள் படைவீரர் இருப்பார் என்று சொல்லுமளவுக்கு அவர்கள் அதிகம். இந்த வேலை அவர்களின் வாசல்வரை போனது.

பிறகு ஏன் 2024இல் தோற்றார்? குடியரசுக் கட்சியின் டிம் ஷீஹி 52.6 சதவீதம், டெஸ்டர் 45.5. கட்சி பார்க்காமல் ஆளைப் பார்த்து வாக்களிக்கும் வாக்காளர் செத்துவிட்டார் என்று மறுநாளே பலர் எழுதினார்கள். எண்கள் வேறு கதை சொல்கின்றன.

2012இல் டெஸ்டர் மறுபடி ஜெயித்தபோது மொன்டானாவில் ஒபாமா பெற்றது 41.7 சதவீதம், டெஸ்டர் பெற்றது 48.6. இடைவெளி ஏழு புள்ளி. 2024இல் கமலா ஹாரிஸ் பெற்றது சுமார் 38.5 சதவீதம். டெஸ்டர் பெற்றதோடு ஒப்பிட்டால் மறுபடியும் ஏழு புள்ளி. டிரம்ப்புக்கோ வேறொருவருக்கோ அதிபர் வாக்கைப் போட்டுவிட்டு டெஸ்டரின் பெயரைத் தேடிக் குறித்தவர்களின் பங்கு பன்னிரண்டு ஆண்டுகளில் குறையவே இல்லை. வாக்குகளை எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜெயித்த 2018இல் அவருக்குக் கிடைத்தது சுமார் 2.54 லட்சம், தோற்ற 2024இல் சுமார் 2.76 லட்சம். அதிபர் தேர்தலில் கூட்டம் அதிகம் என்பதைக் கழித்துக்கொண்டாலும், அவரை மக்கள் கைவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை. அவரது நற்பெயர் அப்படியே இருந்தது. அவர் ஏறவேண்டிய மேடுதான், அதாவது அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் முன்னிலைதான், 14 புள்ளியிலிருந்து 20 புள்ளியாக உயர்ந்துவிட்டது.

மேட்டை உயர்த்தியவற்றில் பணம் ஒன்று. மொன்டானாவுக்கு இது பழைய காயம். 1899இல் வில்லியம் கிளார்க் என்ற செப்புச் சுரங்க முதலாளி, செனட் பதவிக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பணத்தை வாரி இறைத்தார். அன்று செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம்தான். வாஷிங்டனில் விசாரணை நடந்து, 1900இல் அவர் விலக நேர்ந்தது. அந்த அவமானம் மறக்காத மக்கள் 1912இல் தாங்களே வாக்களித்து, தேர்தலில் நிறுவனங்கள் பணம் செலவிடுவதைத் தடை செய்தார்கள். சரியாக நூறு ஆண்டு நின்ற சட்டம் அது. 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விசாரணைகூட நடத்தாமல் 5க்கு 4 என்று அதை வீழ்த்தியது. ஒரு மாநிலம் தன் அனுபவத்திலிருந்து கற்ற பாடத்தை, அந்த அனுபவமே இல்லாத நீதிபதிகள் அழித்தது பெருந்தவறு. 2024இல் இந்த ஒரு செனட் இடத்துக்காக இரு தரப்பும் 25 கோடி டாலருக்கு மேல் கொட்டின. வாக்களித்தவர்கள் சுமார் ஆறு லட்சம். ஒரு வாக்குக்கு 400 டாலருக்கு மேல்! பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த பணம், தேசிய விவகாரங்களைப் பேசிய விளம்பரங்கள். டெஸ்டர் தரப்பும் அந்த வெள்ளத்தில் நனைந்தே நின்றது.

செய்தியும் வற்றியது. பில்லிங்ஸ், மிசூலா, ஹெலீனா, பியூட் நாளிதழ்களை நடத்தும் லீ நிறுவனம், தலைநகரில் இயங்கிவந்த தன் அரசியல் செய்திப் பிரிவை 2015இல் மூடியது. பதினாறு மசோதாக்களின் பட்டியலைப் படித்து, இது உண்மையா என்று வாசகருக்காகச் சரிபார்த்துத் தரும் ஆட்கள் குறைந்தார்கள். இன்னொரு பக்கம் 2010இல் 9.89 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் 10.84 லட்சமானது, அதற்குப் பிறகும் வெளிமாநிலத்தார் வந்துகொண்டே இருந்தார்கள். 2018இல் தம்மை எதிர்த்த மேரிலாந்துக்காரரான மேட் ரோசன்டேலை அந்நியர் என்று டெஸ்டர் மடக்க முடிந்தது. ஷீஹி மினசோட்டாவில் பிறந்து 2014இல் குடியேறியவர். அந்த வாதம் இம்முறை எடுபடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களிலேயே பலர் புதிதாக வந்தவர்கள்.

ஆளைப் பார்த்து வாக்களிப்பதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. டெஸ்டர் நல்லவர்தான், ஆனால் அவருக்குப் போடும் வாக்கு செனட்டை ஜனநாயகக் கட்சியின் கையில் கொடுக்கும் வாக்கு; எனவே கட்சியைப் பார்த்து வாக்களிப்பதே அறிவுடைமை என்கிறார்கள். குழுத் தலைமை, நீதிபதி நியமனம், எந்த மசோதா அவைக்கு வரும் என்பது எல்லாமே பெரும்பான்மையைப் பொறுத்தது என்பதால் இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. ஆனால் இந்த வாதத்தை முழுதாக ஏற்றால் லிட்டில் ஷெல் மசோதாவை விடாமல் கொண்டுவந்த பிடிவாதத்துக்கு மதிப்பே இல்லை. செனட்டர் என்பவர் தலையெண்ணிக்கையில் ஒரு தலை மட்டுமே என்றாகிவிடும். இரு கட்சிக்கும் ஊடே நின்று பேசக்கூடியவர்கள் அவையில் இல்லாமல் போனால், ஜெர்ரி மோரன் போன்றவர் கைகோக்க அந்தப் பக்கம் யார் இருப்பார்?

உண்மையான பொறுப்பு ஜனநாயகக் கட்சியின் தலையில் விழவேண்டும். 2009இல் மொன்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, நெப்ராஸ்கா ஆகிய நான்கு மாநிலங்களின் எட்டு செனட்டர்களில் ஆறு பேர் அக்கட்சியினர். இன்று ஒருவர்கூட இல்லை. அந்த ஆறு பேரும் சொந்தப் பெயரால் ஜெயித்தவர்கள். அவர்கள் ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை அந்த ஊர்களில் கட்சியின் பெயர் என்ன ஆகிறது என்று தலைமை கவலைப்படவில்லை. சிற்றூர்களில் கட்சி அலுவலகம் நடத்துவது, மாவட்டப் பதவிகளுக்கு ஆள் நிறுத்துவது, தானிய விலையைப் பற்றித் தேர்தல் இல்லாத ஆண்டிலும் பேசுவது: இவை விளம்பரத்தைவிட எத்தனையோ மலிவு. ஒரு மனிதர் வாழ்நாள் உழைப்பால் ஏழு புள்ளி சேர்த்துத் தருவார். மீதியைக் கட்சிதான் சேர்க்கவேண்டும்.

மறுபக்கத்தில் இதே கணக்குக்கு இன்னொரு விடை கிடைத்தது. 2020இல் மேயின் மாநிலத்தில் ஜோ பைடன் ஒன்பது புள்ளியில் ஜெயித்த அன்று, குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸ் ஐந்தாவது முறையாகத் தேர்வானார். அங்கே டிரம்ப்புக்கு 44 சதவீதம், காலின்ஸுக்கு 51. அங்கும் ஏழு புள்ளிதான். 1997இல் பதவியேற்றது முதல் ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிடாதவர், ஊரூராகப் பெயர் தெரிந்தவர். ஆனால் அவர் ஏறவேண்டிய மேடு தாழ்வானது.

நெப்ராஸ்காவில் 2024இல் ஒரு செனட் இடத்துக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. டான் ஆஸ்பர்ன் என்ற இயந்திரப் பழுதுபார்ப்பாளர் சுயேச்சையாக நின்றார். 2021இல் ஒமஹாவின் கெல்லாக் ஆலையில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஹாரிஸ் 39 சதவீதத்தை நெருங்கிய இடத்தில் அவர் 46ஐத் தாண்டினார். பதவியும் பழைய பெயரும் இல்லாமலே அவருக்கும் அந்த ஏழு புள்ளி கிடைத்தது. 2026இல் செனட்டர் பீட் ரிக்கெட்ஸை எதிர்த்து மறுபடி நிற்பதாக அறிவித்திருக்கிறார், இம்முறையும் சுயேச்சையாக.