கவிஞரின் குரல் காற்றோடு போகலாமா?

தமிழர் கூடி வாழும் ஊரில் கவியரங்கம் இல்லாமல் பொங்கல் விழா நிறைவு பெறுவதில்லை. அந்தமானும் இதற்கு விலக்கல்ல. தலைமை தாங்குபவர் ஒவ்வொரு கவிஞரையும் கவிதையாலேயே அழைப்பார். அவை 'மறுபடியும்' என்று கேட்கும். கவிஞரும் அந்த அடியைத் திரும்பச் சொல்வார். மறுநாள் பந்தல் பிரிக்கப்படும். சட்டைப் பையில் மடித்து வைத்த தாள் ஒன்றுதான் மிஞ்சும். எந்த இடத்தில் அவர் நிறுத்தினார், எந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னார் என்பதெல்லாம் அந்தத் தாளில் இராது.

அண்மைக் காலத்தில் இந்த நிலை மாறிவருகிறது. கவிஞர்கள் தங்கள் கவிதையைத் தாங்களே வாசித்து, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து அன்பர்களுக்கு அனுப்புகிறார்கள். 'அச்சேறாதவர்களின் விளம்பர ஆசை' என்று இதனை ஒதுக்குவோரும் உண்டு. வேறிடங்களில் அது ஓரளவு பொருந்தலாம். அந்தமானுக்குப் பொருந்தாது.

2011 ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம். அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 சதவிகிதம். தமிழ்வழிக் கல்வி இங்கு உண்டு என்பது உண்மையே. ஆயினும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ படித்து வரும் தமிழ்ப் பிள்ளைகளும் ஏராளம். வீட்டில் பாட்டி பேசுவது அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும்; பதில் சொல்லவும் வரும். எழுத்தைக் கண்டால்தான் தயக்கம். இத்தகைய இளைஞரிடம் கவிதை நூல் ஒன்றைக் கொடுத்தால் அது மேசையிலேயே கிடக்கும். அதே கவிதையைக் கவிஞர் தம் குரலில் சொன்னால் செவி வழியே போய்ச் சேரும். கண்ணுக்கு எட்டாத தமிழ் காதுக்கு எட்டும்போது அதைக் குறைவாக எண்ணுவானேன்?

இதற்கான வசதி தீவுகளுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடம் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் எல்லாத் தொடர்புக்கும் செயற்கைக்கோளை நம்பியிருக்க வேண்டியிருந்தது. சிறிய ஒலிப்பதிவை அனுப்புவதற்கும் பொறுமை வேண்டும். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரும், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்த்தா, கிரேட் நிக்கோபார் முதலியனவும் அப்போது இணைந்தன. அந்தப் பட்டியலில் கச்சால் தீவு இடம்பெறவில்லை.

தமிழுக்குக் கச்சால் சாதாரண இடமன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பிய தொழிலாளரில் ஒரு பகுதியினர், அங்குள்ள ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். மலையகத் தமிழ் அவர்களோடு நிக்கோபாருக்குக் கப்பலேறியது. தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியைக் கேலி செய்யும் பாட்டும் அவர்களின் தோட்ட வாழ்வில் பிறந்த செல்வம். இலங்கையில் அத்தகைய பாடல்களைக் கவிஞர் ஸி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து நூலாக்கினார். பெரும் தொண்டு அது. எனினும் நூலில் சொல்லை ஏற்றலாம், பாடியவரின் குரலை ஏற்ற முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மிகக் கொடுமையாகத் தாக்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. நோட்டுப் புத்தகம் தண்ணீரைத் தாங்குமா? அன்று ஒலிப்பதிவு ஒன்று வேறு ஊரில் இருந்திருந்தால் அதை எந்த அலையும் தொட்டிருக்காது.

குரலை இழப்பது தமிழருக்குப் புதிதன்று. இந்தியாவில் இசைத்தட்டுக்கான பதிவு 1902 இல் கல்கத்தாவில் தொடங்கியது. பாரதியார் மறைந்தது 1921 இல். இடையில் 19 ஆண்டுகள்! தம் பாடல்களைத் தாமே உரக்கப் பாடி மகிழ்ந்த அந்த மகாகவியின் குரல் இன்று நம்மிடம் இல்லை. தாகூரின் குரலோ இருக்கிறது. தீவில் நம் பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளி விரும்பினால் தம் கவியைக் கேட்கலாம். நாம் பாரதியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2000 ஆம் ஆண்டில் தெற்காசிய எழுத்தாளர்கள் தங்கள் படைப்பைத் தாங்களே வாசிக்கும் ஒலிப்பதிவுகளைச் சேர்க்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. தமிழ் எழுத்தாளர்களும் அதில் இடம்பெற்றனர். நடத்தியது யார் தெரியுமா? அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் புதுதில்லி அலுவலகம். நன்றி சொல்ல வேண்டிய செயல்தான். சற்று வெட்கமும் கொள்ளலாம்.

குரல் வளம் உள்ளவர் சாதாரணக் கவிதையையும் தூக்கி நிறுத்திவிடுவார், நல்ல கவிஞர் தடுமாறி வாசித்துத் தம் கவிதையையே கெடுத்துவிடுவார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கவியரங்க மேடையில் கைதட்டலுக்காகவே எழுதப்பட்ட அடிகளை நாம் கேளாதவர்கள் அல்லர். ஆனால் அறையில் தனியே அமர்ந்து பதிவு செய்யும் கவிஞருக்குக் கைதட்ட ஆள் இல்லை. மேலும், இரண்டாம் முறை கேட்கும்போது வெற்றுச் சொல் வெளுத்துப்போகும். அந்த வகையில் ஒலிப்பதிவு மேடையைவிடக் கண்டிப்பான ஆசிரியர். பின்னணி இசையை மட்டும் விட்டுவிடுவது நலம். வீணையும் மழையோசையும் கவிதைக்கு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. கைப்பேசி மாறும்போது அதில் இருந்த குரல்களும் போய்விடுகின்றன. யார் வாசித்தது, எந்தத் தீவில், எந்த ஆண்டில் என்ற குறிப்பு இல்லாத பதிவுகள் கைமாறிக் கைமாறி அநாதையாகின்றன. ஒலிநாடாக் காலத்தில் பழைய பதிவைத் துடைத்துவிட்டு அதே நாடாவில் புதிதைப் பதிவது பல நாட்டு ஒலிபரப்பு நிலையங்களின் வழக்கம், பி.பி.சி.யே அப்படி இழந்தவை பல. அன்று நாடாவின் விலை காரணம். இன்று அந்தச் சாக்கும் இல்லை.

அந்தமான் தமிழர் சங்கம் இந்தப் பொறுப்பை ஏற்கலாம். கவிஞரின் பெயர், ஊர், தேதி, கவிதையின் எழுத்து வடிவம் ஆகியவற்றோடு ஒவ்வொரு பதிவையும் இரண்டு இடங்களில் காக்க வேண்டும்; ஒரு பிரதி தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கட்டும். 1963 முதல் இயங்கும் இங்குள்ள வானொலி நிலையம் தமிழ் நிகழ்ச்சியில் வாரம் ஒரு கவிஞருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் பெரிய செலவாகிவிடாது. தமிழில் கவிஞர் வாசித்தபின் இந்தியில் அதன் பொருளைச் சொல்லலாம். அகில இந்திய வானொலி 1956 முதல் நடத்திவரும் சர்வபாஷைக் கவி சம்மேளனத்தின் முறையும் அதுதானே? பல மொழி பேசுவோர் ஒரே தெருவில் வாழும் இத்தீவுகளுக்கு அது இயல்பாகப் பொருந்தும்.

முதலில் போக வேண்டிய இடம் கச்சால்தான். இலங்கையிலிருந்து இளமையில் வந்தவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். பழங்குடிப் பகுதி என்பதால் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். கப்பலில் இடம் கிடைக்கக் காத்திருக்கவும் வேண்டும். பருவமழைக்கு முன் புறப்பட்டால் நல்லது.