மருத்துவத் தரம், அறுவைத் தரம், உணவுத் தரம்: யார் அளந்த தரம்?

சற்று நீண்ட பதிவு. ஒரு சொல்லைப் பற்றியது. அச்சொல்லை நம்பி மூச்சை உள்ளிழுப்போர் இருப்பதால், பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கஞ்சாச் செறிவுகளைச் சூடாக்கி ஆவியாக உள்ளிழுப்பதற்கென அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்வகை உலோகக் கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றின் விளம்பரங்களில் மூன்று தொடர்கள் ஓயாமல் வருகின்றன: ‘மருத்துவத் தர டைட்டானியம்’, ‘அறுவை எஃகு’, ‘உணவுத் தரம்’. வாங்குபவர் இவற்றைப் பாதுகாப்புக்கான உறுதிமொழிகளாகவே படிக்கிறார். அவை உறுதிமொழிகள் அல்ல. உறுதிமொழி இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பதற்குச் சட்டத்தின் சொல்லாட்சியே முதற்காரணம் என்பது என் வாதம்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரித்தெடுத்த கஞ்சாப் பிசினையும் அதிலிருந்து பெறும் செறிந்த எண்ணெயையும் ‘சரஸ்’ என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. அதை வைத்திருப்பதும் குற்றம், நுகர்வதும் குற்றம். செறிவுகளில் போதை தரும் டி.எச்.சி. 60 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். பூவில் இருப்பதைவிட இது பன்மடங்கு. யாருக்கும் இதைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. ஆயினும் மேற்படிப்புக்கு அந்நாடுகளுக்குச் செல்லும் நம் மாணவர்களின் குடியிருப்புக்கு எதிரிலேயே இக்கருவிகளை விற்கும் கடை இருக்கக்கூடும். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சொற்களைப் படிக்கும் திறன், வாங்காதவருக்கும் வேண்டியதே.

முதலில் கருவி. செறிவு என்பது மெழுகு போலவோ, தேன் போலவோ, உடையும் கண்ணாடித் தகடு போலவோ இருக்கும். ‘நெயில்’ எனப்படும் சிறு உலோகக் கிண்ணத்தை எரிவாயுச் சுடராலோ மின்சுருளாலோ சூடாக்கி, பல் மருத்துவரின் கருவியை ஒத்த மெல்லிய உலோகக் குச்சியால் சிறிதளவு செறிவை அதில் இடுகிறார்கள். எழும் ஆவியை உள்ளிழுக்கிறார்கள். கண்ணாடி, குவார்ட்ஸ், பீங்கான் ஆகியவற்றாலும் கிண்ணங்கள் உண்டு. எளிதில் உடையாது என்பதால் உலோகத்துக்குத் தனி மதிப்பு.

இனிச் சொல். தமிழில் ‘தரம்’ என்ற ஒரே சொல் பண்பையும் குறிக்கும், படிநிலையையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘கிரேடு’ உலோகவியலில் இவ்விரண்டும் அன்று. அது வெறும் அடையாள எண். டைட்டானியத்தில் 1 முதல் 4 வரையிலான கிரேடுகள் கலப்பற்ற வணிகத் தூய்மை கொண்டவை. அவற்றுக்குள் பெரும்பாலும் ஆக்சிஜன், இரும்பு ஆகியவற்றின் அளவே வேறுபடும். கிரேடு 5 என்பது ஏறத்தாழ 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம். வலிமையில் அது விஞ்சும், தூய்மையில் விஞ்சாது. கடையில் ‘கிரேடு 2’, ‘கிரேடு 5’ என்று இரண்டு கிண்ணங்கள் அருகருகே இருந்தால் ஐந்து உயர்வு, இரண்டு தாழ்வு என்றே மனம் வாசிக்கும். பெயராக நின்ற எண் வரிசையாக வாசிக்கப்படும் இந்த வழுக்கலை விற்பவர் உண்டாக்க வேண்டியதில்லை. திருத்தாமல் இருந்தாலே போதும்.

‘மருத்துவத் தரம்’ இதனினும் நுட்பமானது. உடலுக்குள் பொருத்தும் டைட்டானியத்துக்கு உண்மையாகவே தரநிர்ணயங்கள் உள்ளன. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். நிறுவனம் கலப்பற்ற டைட்டானியத்துக்கு எஃப்67 என்றும், அலுமினியம்–வனேடியம் கலந்த வகைக்கு எஃப்136 என்றும் வகுத்திருக்கிறது. எலும்புக்குள் 37 டிகிரி செல்சியஸில் பல்லாண்டு கிடக்கப்போகும் உலோகத்துக்கானவை அவை. எரிசுடரின் கீழ் ஒரே நாளில் பலமுறை சுட்டு ஆறும் உலோகத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. சொல் உண்மையானது, அது பொருந்தும் சூழல்தான் மாறிவிட்டது. ‘அறுவை எஃகு’ என்பதற்கோ அப்படி ஒரு நிலையான வரையறைகூட இல்லை. நிக்கல் கலந்த 316எல் வகையையும் அப்படி அழைப்பார்கள், கத்தி செய்யும் கடின எஃகையும் அப்படி அழைப்பார்கள். வெள்ளி துளியும் இல்லாத பாத்திரத்தை எவர்சில்வர் என்று அழைக்கும் நமக்கு இது புதிதன்று. பாத்திரத்தில் அது தீங்கற்ற பெயர். அடுப்புச் சுடரில் சிவக்கும் கிண்ணத்தில் அப்படியன்று.

வெப்பம் என்ன செய்கிறது? இருளில் ஒரு பொருள் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில். கிண்ணம் சிவந்துவிட்டது என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். கிரேடு 5 கலப்புலோகத்தைப் பொறியாளர்கள் நீடித்த பயன்பாட்டுக்கு ஏறத்தாழ 400 டிகிரி வரையே நம்புவர். அதற்கு மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் உலோகத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். மேற்பரப்பில் ஆக்சைடு தடித்துச் செதிலாக உரியும். தொடக்கத்தில் தோன்றும் பொன்னிறமும் நீலமும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி விளையாடுவதால் வருபவை, அவற்றால் கேடில்லை. வெண்சாம்பல் நிறத்தில் செதில் உரிந்தால் அக்கிண்ணத்தின் காலம் முடிந்தது. எஃகுக்கு வேறு சிக்கல். 304 போன்ற வகைகளை 425 முதல் 815 டிகிரிக்குள் நெடுநேரம் வைத்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து மணிகளின் விளிம்பில் ஒதுங்கிவிடும். துருவைத் தடுக்கும் ஆற்றல் அங்கே குறையும். பித்தளையும் முலாம் பூசியவையும் இவ்வேலைக்கு அறவே ஆகா. கடைசல் எளிதாகும்பொருட்டுப் பித்தளையில் ஈயம் சேர்ப்பதுண்டு. மிகுவெப்பத்தில் துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

உலோகம் எதுவாயினும் உள்ளே இடும் பொருளும் மாறுகிறது. போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, செறிவுகளுக்கு மணம் தரும் டெர்ப்பீன்கள் வெப்பம் கூடும்போது சிதைந்து மெத்தாக்ரோலினையும் புற்றுநோய் தரும் பென்சீனையும் உண்டாக்குவதைக் காட்டியது. மின்சிகரெட்டைப் பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, குரோமியம், நிக்கல், ஈயம் ஆகியவை சூடேறும் சுருளிலிருந்து ஆவிக்குள் வந்துசேர்வதைக் காட்டியது. ஆக, ஒருவர் அறிய வேண்டியவை இரண்டே: எந்தக் கலப்புலோகம், எத்தனை டிகிரி. விளம்பரம் முதலாவதற்கு அரை விடை தருகிறது. இரண்டாவதற்கு விடையே தருவதில்லை.

பராமரிப்பைப் பற்றிய மொழியும் இப்படியே. ‘வாழ்நாள் முழுதும் உழைக்கும்’ என்பார்கள். படிந்த கரியைக் கம்பித் தூரிகையால் சுரண்டினால் காப்புப் படலமும் சேர்ந்து போகும், தூரிகையின் துணுக்குகள் தங்கும் என்று சொல்லமாட்டார்கள். சூடு முற்றும் ஆறுமுன் நெருப்புப் பிடிக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கக் கூடாது. துடைத்தபின் அது முழுதும் உலராமல் சுடரருகே கொண்டுபோகக் கூடாது. இதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரி ஏன் பெட்டியின் மேல் இல்லை?

இங்கேதான் சட்டத்தின் மொழி வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 21ஆம் தொகுப்பு, 863ஆம் பிரிவு போதைப்பொருள் சாதனங்களை விற்பதைக் குற்றமாக்குகிறது. ஒரு பொருள் அத்தகைய சாதனமா என்று முடிவுசெய்ய நீதிமன்றம் எவற்றைக் கருதலாம் என்றும் அது பட்டியலிடுகிறது. பொருளோடு தரப்படும் பயன்பாட்டு அறிவுரைகள், வாய்மொழியாயினும் எழுத்தாயினும், அப்பட்டியலின் முதலிடத்தில் உள்ளன. அதாவது, ‘இத்தனை டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்’ என்று எழுதும் உற்பத்தியாளர் தமக்கு எதிராகச் சான்று எழுதுகிறார். கண்ணாடிக் குழாய் விற்பனைக்காக நகைச்சுவை நடிகர் டாமி சாங்குக்கு 2003இல் ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டதை அத்தொழில் மறக்கவில்லை. எனவே கடைகளில் ‘புகையிலைக்கு மட்டும்’ என்ற அட்டை தொங்கியது. எழுதியவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும், அது உண்மையன்று. உரையாடலில் உண்மையைச் சொல்லுக என்னும் கிரைஸின் விதியை இரு தரப்பும் அறிந்தே மீறும் இந்த அட்டையை வகுப்பறையில் எடுத்துக்காட்டாகக் கொடுக்கலாம். பயன்பாட்டைச் சொல்ல முடியாத பொருளுக்குப் பயன்பாட்டுத் தரம் வகுக்க முடியாது. காலியான அவ்விடத்தில் மருத்துவமனையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் கடன் வாங்கிய சொற்கள் குடியேறுகின்றன.

2012இல் கொலராடோவும் வாஷிங்டனும் வாக்களித்த பிறகு மாநிலந்தோறும் நிலை மாறி வருகிறது; மாநிலச் சட்டம் அனுமதித்தவர்களுக்கு 863ஆம் பிரிவே விலக்கும் தருகிறது. கனடாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் ‘கஞ்சாத் துணைக்கருவி’ என்ற பெயரையே சூட்டி, கஞ்சா நுகர்வுக்கென முன்வைக்கப்படும் பொருள் என்று அதை வரையறுத்தது. பெயர் கிடைத்தால்தான் அளவு கேட்க முடியும். அளவு தானாக வராது. கேட்க வழி பிறக்கிறது, அவ்வளவே.

நம் நாட்டில் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம், நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கச் செய்யும் மின்னணுக் கருவியைத் தடைசெய்கிறது. சுடரால் சூடேறும் உலோகக் கிண்ணம் ‘மின்னணு’ என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிறது. தடை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. தடை இருக்கும் இடத்தில் தகவலும் தடைபட்டுப்போனால், எஞ்சுவது விற்பவர் சொல் ஒன்றே என்கிறேன்.

அளவோடு பிணைந்த சொல் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? தங்கத்தில் 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 2021 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி பொறிக்கப்படுகிறது. வாங்குபவர் அதைக் கைப்பேசியிலேயே சரிபார்க்கலாம். அதே கடைவீதியில் ‘கேடிஎம்’ என்ற சொல்லும் வாழ்ந்தது. பற்றவைப்பில் சேர்த்த காட்மியத்தைக் குறித்த அச்சொல்லை வாங்குவோர் தூய்மையின் பெயராகவே கேட்டனர். அதன் புகையை மூச்சில் வாங்கியவர் பொற்கொல்லர். முன்னதற்குப் பின்னால் சோதனை இருந்தது, பின்னதற்குப் பின்னால் பழக்கம் மட்டுமே இருந்தது.

எனவே மொழி கற்பிப்போருக்கும் கற்போருக்கும் என் வேண்டுகோள் இது. எந்தத் தரச் சொல்லைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்: எந்த அமைப்பின் எந்த எண்? எந்தச் சூழலுக்கு, எத்தனை டிகிரிக்கு? சோதித்தவர் யார், அதை நான் சரிபார்க்க இயலுமா? டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, எஃகின் அடர்த்தி ஏறத்தாழ 8. நீரில் அமிழ்த்தி நிறுத்தாலே ‘டைட்டானியம்’ என்ற சொல் பொய்யா என்பது தெரிந்துவிடும். கிரேடு 2க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு அப்படித் தெரியாது; அதற்கு எக்ஸ் கதிர்க் கருவி வேண்டும். எதை நாமே சோதிக்கலாம், எதற்குச் சான்று கேட்க வேண்டும் என்று பிரித்தறிவதும் வாசிப்பின் ஒரு பகுதியே.

போதை விழிப்புணர்வு என்றால் பல்கலைக்கழகங்கள் உறுதிமொழி வாசித்துக் கலைகின்றன. பென்சீன் என்ற சொல்லோ, 525 என்ற எண்ணோ அங்கே ஒலிப்பதில்லை. நம் மாணவர்கள் அவற்றைத் தமிழில் முதன்முதலாகக் கேட்கும் இடம் வகுப்பறையாக இருக்கட்டும். விற்பவரின் பெட்டியாக இருக்க வேண்டாம்.