தாய்மாரின் கண்ணீரும் வல்லரசுகளின் வாக்கும்

பிரேரணைகள் நிறைவேறுகின்றன, பிள்ளைகள்தான் வீடு திரும்பவில்லை!

2017 பிப்ரவரி 20-ந் தேதி கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவில் அமர்ந்தனர். கையில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது ராணுவத்திடம் தம் கையாலேயே பிள்ளைகளை ஒப்படைத்த பெற்றோரும் உண்டு. "என் பிள்ளை எங்கே?" என்பதே கேள்வி. பதில் சொல்வார் யார்?

அதே 2009 மே மாதம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் இலங்கை சர்க்காருக்குச் சாதகமான பிரேரணையை நிறைவேற்றியது. இந்தியா, சீனா, ருஷ்யா ஆகியவை ஆதரித்தன. 2012-ல் அமெரிக்கா எதிர்ப் பிரேரணை கொண்டுவந்தது. டில்லி சர்க்கார் அதையும் ஆதரித்தது. 2014-ல் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 2015-ல் இலங்கை சர்க்காரே கூட்டாகப் பிரேரணை கொண்டுவந்து, 2020-ல் விலகிக்கொண்டது.

தாயின் கண்ணீர் மாறவில்லை. வல்லரசுகளின் தராசு மட்டும் ஏன் மாறியது? இந்து மகாசமுத்திரத்துத் துறைமுகங்களே அவர்கள் கண்ணில் நின்றன. ஆட்களைக் காணாமல் ஆக்குவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்தே போடவில்லை. இந்தியா 2007-ல் போட்டது, ஊர்ஜிதம் செய்யவில்லை.

அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் தோழர் கேட்கலாம்: "இதில் நமக்கென்ன?"

இருக்கிறது, தோழரே! நம் கிராமங்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் சந்ததியிடமிருந்துதான் 1948-ல் பிரஜா உரிமையைப் பறித்தார்கள். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். வேலையும் படிப்பும் கேட்ட வாலிபனுக்கு 1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காட்டினார்கள். விசாரணையின்றி அடைத்து வைக்கச் சட்டம் இருந்தால், ஆள் கடத்த வெள்ளை வேன் வராமல் இருக்குமா?

தமிழன் மட்டுமா பலியானான்? 1987 முதல் 1990 வரை தெற்கே சிங்கள வாலிபர்கள் ஆயிரமாயிரமாய் மறைந்தனர். எம்பிலிப்பிட்டியவில் பள்ளி மாணவர்களையே கடத்தினர். அதற்காகத் தலைமையாசிரியருக்கும் ராணுவத்தினர் சிலருக்கும் 1999-ல் தண்டனை கிடைத்தது. மகிந்த ராஜபக்ஷே 1990-ல் அந்தத் தாய்மார்களின் மனுக்களையும் படங்களையும் ஜெனீவாவுக்கு எடுத்துச் செல்லப் புறப்பட்டவர்! விமான நிலையத்தில் போலீஸ் அவற்றைப் பறித்தது. அவரே ஜனாதிபதியானபின், அவர் ஆட்சியில் வெள்ளை வேன் ஓடியது. ஆளும் வர்க்கத்தின் அனுதாபம் எதிர்க்கட்சி வரிசையோடு முடிகிறது!

புலிகள் சிறுவர்களைப் பிடித்துச் சென்று படையில் சேர்த்ததையும் நாம் மறைக்க மாட்டோம். அங்கும் பறிபோனது ஏழை வீட்டுப் பிள்ளையே.

ஆகவே ஜெனீவாவை மட்டும் நம்பியிருப்பது பேதைமை. சர்வதேச விசாரணை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சாட்சியத்தைக் காக்க அது உதவும். ஆனால் நிலமும் மொழியும் வேலையும் மறுக்கப்படும் இடத்தில் கடத்தல் மீண்டும் முளைக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்களித்தே 2024-ல் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். தெற்கே அன்று மறைந்தவர்களில் அவர் கட்சித் தோழர்களும் உண்டு. அவர் தாய்மார்களுக்குக் கணக்குச் சொல்லட்டும்!

டில்லி சர்க்காரிடம் நாம் கேட்பது இரண்டு: ஒப்பந்தத்தை ஊர்ஜிதம் செய்! விசாரணையின்றி அடைக்கும் சட்டங்களை இங்கும் ஒழி!

கிளிநொச்சித் தாயும் மாத்தறைத் தாயும் ஒரே பந்தலில் அமரும் நாளில்தான் கடத்தியவன் நடுங்குவான். அந்த ஒற்றுமைக்கு ஆலைவாசலிலும் வயல்வரப்பிலும் நாம் குரல் கொடுப்போம்!