ரிங் ஃபிளாஷ்: வட்டமா, வில்லங்கமா?

கல்லூரி மாணவர் ஒருவர் எப்படியோ காசு சேர்த்து செகண்ட் ஹேண்டில் ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரமே ஒரு இலவச ஆலோசனை வந்து சேரும்: "ரிங் ஃபிளாஷ் வாங்குடா மச்சி, அது இல்லாம மேக்ரோவே எடுக்க முடியாது." பெரிய கம்பெனி ரிங் ஃபிளாஷின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அப்புறம் ஆன்லைன் கடையில் அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு "மேக்ரோ ரிங் ஃபிளாஷ்" என்று ஒன்று கண்ணில் படும். ஆர்டர் போட்டாச்சு. ஏமாந்தாச்சு!

வட்டமாக இருப்பதெல்லாம் ரிங் ஃபிளாஷ் இல்லை. இந்தப் பெயரில் மூன்று சமாச்சாரங்கள் விற்கப்படுகின்றன.

1. செல்ஃபி, வீடியோ எடுக்க ஸ்டாண்டில் நிற்கும் பெரிய எல்இடி வட்டம். முகத்துக்கானது. மேக்ரோவுக்கு சம்பந்தமே இல்லை.

2. லென்ஸின் முனையில் திருகி மாட்டும் சின்ன எல்இடி வட்டம். விலை குறைவு. டப்பாவின் மேல் ஃபிளாஷ் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது விளக்குதான். "ஃபிளாஷ் மோடு" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் அதே எல்இடி கொஞ்ச நேரம் கூடுதலாக எரியும், அவ்வளவே.

3. செனான் குழாய் வைத்த நிஜ ரிங் ஃபிளாஷ். கேனான் எம்ஆர்-14இஎக்ஸ் இந்த ரகம்.

வில்லங்கம் இரண்டாவது ரகத்தில்தான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும்.

மேக்ரோவில் 1:1 என்றால் பூச்சி எவ்வளவு பெரியதோ, சென்சாரிலும் அதே அளவில் அதன் பிம்பம் விழுகிறது. அப்போது எஃப்/11 வைத்தாலும் ஃபோகஸில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் துவாரத்தை இன்னும் திறக்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு 1:1ல் லென்ஸ் நீள்வதால் எஃப்/11 என்பது எஃப்/22 மாதிரி வேலை செய்யும். அதாவது வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். இந்தப் பற்றாக்குறையை அந்த சின்ன எல்இடி ஈடுகட்ட முடியாது. ஒன்று ஐஎஸ்ஓவை ஏற்றி படத்தை மணல் கொட்டிய மாதிரி ஆக்க வேண்டும். இல்லையென்றால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும்.

ஷட்டர் மெதுவானால் என்ன ஆகும்? 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 250 பிக்சல்கள் இருக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் எறும்போ, எடுப்பவரின் கையோ பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அசைந்தால் போதும், படம் 25 பிக்சல் அளவுக்கு இழுபட்டுப் போகும். மூச்சு விட்டாலே அதற்கு மேல் அசையும்!

நிஜ ஃபிளாஷ் இங்கேதான் ஜெயிக்கிறது. 2003ல் வந்த நிக்கான் எஸ்பி-800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முழு சக்தியில் அதன் மின்னல் நீடிப்பது 1/1050 விநாடி. சக்தியை 1/16 ஆகக் குறைத்தால் 1/10,900 விநாடி. 1/128 ஆகக் குறைத்தால் 1/41,600 விநாடி! சக்தி குறையக் குறைய மின்னல் சுருங்குகிறது. மேக்ரோவில் ஃபிளாஷ் பூச்சிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குறைந்த சக்தியே போதும். எறும்பு ஓடினால் ஓடட்டும், படத்தில் உறைந்து நிற்கும்.

"அப்படியானால் காசு சேர்த்து நிஜ ரிங் ஃபிளாஷே வாங்கிவிடலாமே?" என்று கேட்கலாம். வாங்கலாம்தான். ஆனால் அந்தக் கருவி எதற்காக வந்தது என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. 1952ல் லெஸ்டர் டைன் அதை உருவாக்கியது பல் மருத்துவப் படங்களுக்காக. 1962ல் நிக்கான் கொண்டுவந்த மெடிக்கல்-நிக்கோர் லென்ஸில் ரிங் ஃபிளாஷ் லென்ஸோடு சேர்ந்தே வந்தது. பெயரிலேயே "மெடிக்கல்" இருக்கிறது பாருங்கள். வாய்க்குள்ளும் அறுவை சிகிச்சைக் குழிக்குள்ளும் நிழல் விழக்கூடாது. அதற்கு வட்ட ஒளி அருமையான விடை.

பூச்சிக்கோ நிழல் வேண்டும். வண்டின் முதுகில் உள்ள சின்னச் சின்னக் குழிகள், ஈயின் முதுகு முடிகள், சிலந்தியின் கால் முட்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதே அவற்றின் ஒரு பக்கம் விழும் நிழலால்தான். நேர் எதிரிலிருந்து சமமாக ஒளியடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும், அடையாள அட்டை ஃபோட்டோ மாதிரி. பளபளக்கும் வண்டின் முதுகிலும் சிலந்தியின் கண்ணிலும் ஒரு வெள்ளை உளுந்துவடை வேறு உட்கார்ந்திருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளங்களில் படத்தைப் போட்டு "இது என்ன இனம்?" என்று கேட்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. இனத்தைச் சொல்ல உதவும் அந்தக் குழியும் முடியுமே படத்தில் காணாமல் போய்விடுகின்றன.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். எம்ஆர்-14இஎக்ஸ் உள்ளேயே இரண்டு தனிக் குழாய்கள் வைத்து, ஒன்றை மங்கலாக்கி நிழல் வரவைக்கும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். 2005ல் வந்த நிக்கான் ஆர்1சி1 செட்டில் லென்ஸைச் சுற்றி நகர்த்தக்கூடிய இரண்டு தனி ஃபிளாஷ்கள்தான். 2017ல் வந்த கேனான் எம்டி-26இஎக்ஸ்-ஆர்டியும் இரட்டைத் தலைதான். பூச்சி எடுப்பவர்களுக்காக அவர்களே வட்டத்தை விட்டு வெளியே வந்தாயிற்று. நம்மவர்கள் மட்டும் இன்னும் வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கையில் காசு குறைவாக இருப்பவர் வாங்க வேண்டியது இதுதான்: ஒரு சாதாரண மேனுவல் ஃபிளாஷ், கேமராவிலிருந்து அதைத் தள்ளி வைக்க ஒரு கேபிள் அல்லது ட்ரிக்கர், முன்னால் ஒரு டிஃப்யூசர். டிஃப்யூசரைக் கடையில் வாங்க வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் டிரேசிங் பேப்பர், பார்சலில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம், கொஞ்சம் அட்டை, செல்லோடேப் போதும். லென்ஸ் முனைக்கு மேல் பந்தல் போட்ட மாதிரி வளைத்து, பூச்சிக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே. ஒளி வரும் பரப்பு பூச்சியைவிடப் பெரியதாக, அருகில் இருந்தால் நிழல் மென்மையாகும். அது ஒரு பக்கமிருந்து வந்தால் உருவமும் நிற்கும்.

டிடிஎல் ஆட்டோமேட்டிக் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1:1ல் லென்ஸுக்கும் பூச்சிக்கும் உள்ள தூரம் மாறாது. ஐஎஸ்ஓ 200, எஃப்/11, 1/200 விநாடி, ஃபிளாஷ் 1/16 என்று ஆரம்பித்து, நாலைந்து படம் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டால் அன்று முழுக்கப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது. ஒரே எச்சரிக்கை: மாமா பரணில் வைத்திருக்கும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷை அப்படியே மாட்டிவிடாதீர்கள். சிலவற்றின் ட்ரிக்கர் வோல்டேஜ் 200ஐத் தாண்டும். கேமராவின் கையேட்டில் எவ்வளவு வரை தாங்கும் என்று பார்த்து, மல்டிமீட்டரில் அளந்த பிறகு மாட்டுங்கள்.

எல்இடி வட்டத்துக்கு உபயோகமே இல்லையா? இருக்கிறது. ட்ரைபாடில் கேமராவை வைத்து நாணயமோ தபால்தலையோ எடுக்கலாம். அவை ஓடாது. இருட்டில் ஃபோகஸ் பண்ண டார்ச்சாகவும் ஆகும். அதைச் சொல்லி விற்றால் யாருக்கும் சண்டையில்லை. ஃபிளாஷ் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

இதில் நஷ்டம் மாணவரின் பர்ஸோடு நிற்பதில்லை. விளக்கு போதாமல் படம் இழுபடும்போது சிலர் கண்டுபிடிக்கும் அடுத்த "டெக்னிக்" என்ன தெரியுமா? பூச்சியைப் பிடித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது! குளிரில் அது மரத்துப்போய் அசையாமல் கிடக்கும், மெதுவான ஷட்டரில் எடுத்துவிடலாம். மலிவு விளக்கின் பலவீனத்துக்கு ஒரு உயிர் விறைத்துக் கிடக்க வேண்டுமாம். டிரேசிங் பேப்பர் ஒட்டிய ஒரு சாதாரண ஃபிளாஷ் இருந்தால் அதே பூச்சியை அது உட்கார்ந்திருக்கும் இலையிலேயே எடுத்துவிட்டு, அதன் வழியில் போகவிடலாம்.

ஆகவே "எந்த ரிங் ஃபிளாஷ் சீப்?" என்ற கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். "என் பூச்சிக்கு எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு கிட்டேயிருந்து, எவ்வளவு நேரம் ஒளி வேண்டும்?" என்று கேட்டுப் பார்த்தால் வட்டம் தானாகவே பட்டியலை விட்டுப் போய்விடும். பல் டாக்டருக்குப் படிப்பவர்கள் மட்டும் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.