மஞ்சள் முடியை வேரறுக்காது

பெண் குழந்தை பிறந்த பல வீடுகளில் இன்றும் நடக்கும் சடங்கு இது. பயத்தமாவையும் கஸ்தூரி மஞ்சளையும் குழைத்து நெற்றி, காதோரம், முதுகு என்று உருட்டித் தேய்ப்பார்கள். சில வாரங்களில் பூனைமுடி கொட்டிவிடும். மாவுதான் முடியை எடுத்தது என்று வீடே நம்பிவிடும். கருவிலிருந்து கூடவே வரும் அந்த மென்முடி, எதையும் தேய்க்காவிட்டாலும் தானாக உதிரக்கூடியது. தேய்த்ததற்குப் பலன் பச்சிளம் தோல் சிவந்து தடிப்பதுதான்.

அதே நம்பிக்கைதான் பெண் வளர்ந்தபின் அக்குளுக்கும் அந்தரங்கத்துக்கும் நீள்கிறது. கடைகளில் அதற்கென்றே பொடிகள் வந்துவிட்டன. ஆயுர்வேதம், நிரந்தரம், பக்கவிளைவு அற்றது என்று மூன்று வாக்குறுதிகள். மூன்றுமே நிற்காது.

முடியின் வேர் தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தூண்டுவதால்தான் மென்முடி கருத்துத் தடிக்கிறது. மேலே பூசிக் கழுவும் மஞ்சளால் அந்த வேரை அழிக்க முடியாது. கோரைக்கிழங்கு எண்ணெயை அக்குள் முடிக்குப் பயன்படுத்தி எகிப்தில் சிறிய ஆய்வுகள் நடந்தது உண்மை. ஆனால் அது வடித்தெடுத்த எண்ணெய். நலங்கு மாவில் கலக்கும் ஒரு பிடி கிழங்குத் தூளுக்கு அந்தச் சான்று பொருந்தாது.

ஆயுர்வேத நூல்கள் என்னதான் சொல்கின்றன? சுசுருத சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, முதல் அத்தியாயத்திலேயே முடி நீக்குவதைப் பேசுகிறது. அழகுக்காக இல்லை, புண்ணைச் சுற்றி முடி அடர்ந்து ஆறவிடாமல் தடுக்கும்போது. கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி ஆகியவற்றால் முடியை எடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு பூச்சையும் தருகிறது: சங்குச் சுண்ணம் இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, புளித்த காடியில் அரைத்தது. அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஆக, மென்மையான மூலிகை வைத்தியம் என்று விற்கப்படுவதற்கும் அந்த மூல நூலுக்கும் தொடர்பே இல்லை. அறுவை மருத்துவரான சுசுருதர் புண்ணுக்கு எழுதியதை அழகுப் பொருளின் விளம்பரத்துக்கு இழுப்பது ஆயுர்வேதத்துக்கே செய்யும் அவமரியாதை.

பூசிய சில நிமிடங்களில் முடி வழுக்கிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் வேலை செய்வது மூலிகை இல்லை. முடியின் கெரட்டின் புரதத்தை உடைக்கும் வேதிப்பொருள் அதில் இருக்கிறது. இன்றைய கிரீம்களில் தயோகிளைக்கோலேட். மலிவான பொடிகள் பலவற்றில் பேரியம் சல்பைடு. கரைவது தண்டு மட்டும். வேர் அப்படியே இருப்பதால் முடி மறுபடி வளரும்.

அந்தரங்கத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். அங்கே தோல் மெல்லியது. பெண்ணுறுப்பின் உட்பகுதி 3.8 முதல் 4.5 வரையிலான அமிலத்தன்மையால் கிருமிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு அங்கே பட்டால் தோல் வெந்துவிடலாம்; சமையல் சோடா பட்டாலும் எரிச்சல் வரலாம். வெட்கத்தால் பெண்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை. முடியைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், சுத்தமான கத்தரிக்கோலோ டிரிம்மரோ போதும்.

இதைவிடப் பெரிய இழப்பு, பொடியை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள். தாடையிலும் மார்பிலும் திடீரெனக் கருமுடி வளர்வது சினைப்பை நீர்க்கட்டி போன்ற ஹார்மோன் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். உங்கள் மகளுக்கு அப்படி வளர்ந்தால், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் கேளுங்கள். மஞ்சள் டப்பாவை வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.